ஐஸ்லாந்து: ஜூனா, ஜனவரியா?

ஐஸ்லாந்துக்கு முதல்முறை போகத் திட்டமிடுபவர்கள் மனதில் பெரும்பாலும் இரண்டு காட்சிகள் இருக்கும். ஒன்று, வானத்தில் அலையும் துருவ ஒளி. மற்றொன்று, பச்சைப் புல்வெளி நடுவே கொட்டும் அருவி. இரண்டுக்கும் ஒரே டிக்கெட் போதாது. ஜூன் மூன்றாவது வாரத்தில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் மறையவே நள்ளிரவாகிவிடும். மறைந்த பிறகும் இருட்டாது. இருட்டே இல்லாதபோது துருவ ஒளி எங்கிருந்து தெரியும்? டிசம்பர் கடைசியில் அதே ஊரில் பகல் சுமார் நான்கு மணி நேரம்தான்.

பலரும் இதைக் குளிர் தாங்குமா தாங்காதா என்ற கேள்வியாகப் பார்க்கிறார்கள். குளிரை உடையால் சமாளித்துவிடலாம். சாலைதான் பிரச்சினை. தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை ஏறக்குறைய 1,320 கி.மீ. கோடையில் சாதாரண வாடகைக் காரில் ஒரு வாரம், பத்து நாளில் நிதானமாகச் சுற்றி வரலாம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், ஓர் அருவியில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்றாலும் அன்றைய திட்டம் குலையாது. குளிர்காலத்தில் ஒரே புயல் அந்தச் சாலையின் ஒரு பகுதியை மூட வைத்துவிடும். முன்பதிவு செய்த அறை அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். காற்றும் லேசுப்பட்டதல்ல. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு திறக்காவிட்டால் கீலோடு வளைத்துவிடும், அந்தச் செலவு வழக்கமான காப்பீட்டில் பெரும்பாலும் சேராது.

லாண்ட்மன்னலேய்கரின் வண்ண மலைகள் இருக்கும் உள்நாட்டு மேட்டுநிலத்துக்குப் போகும் 'எஃப்' சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கும், அதுவும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும். வண்ண அலகுள்ள பஃபின் கடற்பறவைகளையும் கோடையில்தான் பார்க்க முடியும்; ஆகஸ்ட் முடிவதற்குள் அவை கடலுக்குப் போய்விடும்.

ஜனவரியின் தனிச்சொத்து வட்னயோகுல் பனியாற்றின் நீலப் பனிக் குகைகள். குளிரில்தான் அந்தப் பனி ஓரளவு உறுதியாக இருக்கும். 2024 ஆகஸ்டில் அந்தப் பகுதியில் பனி இடிந்து ஒரு பயணி இறந்தது, கோடையில் அங்கே போவது எவ்வளவு ஆபத்து என்று காட்டியது. குளிர்காலத்திலும் வழிகாட்டி இல்லாமல் நுழையக் கூடாது.

செலவு? கோடையில் அறையும் காரும் உச்ச விலையில் இருக்கும். குளிர்காலத்தில் அவை குறையும், ஆனால் தனியாக ஓட்டப் பயந்து வழிகாட்டிச் சுற்றுலாக்களை எடுத்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

நாட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஜூன் என்பதுதான் என் பதில். துருவ ஒளிக்காக மட்டும் என்றால் ஐஸ்லாந்தே வேண்டியதில்லை. கடற்காற்று மேகங்களை இழுத்துவரும் தீவு அது. ஸ்வீடனின் அபிஸ்கோ, மலைகளின் மறைவில் இருப்பதால் தெளிந்த வானத்துக்குப் பேர்போனது.

இரண்டிலும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்குச் செப்டம்பர் முதல் பாதி இருக்கிறது. இரவு இருட்டத் தொடங்கியிருக்கும், சுற்றுச்சாலையில் பொதுவாகப் பனி இருக்காது. பஃபினையும் நீலக் குகையையும் மட்டும் மறந்துவிட வேண்டும்.