ஃபிஷ்மன் சி-100 பிக்கப்: ப்ளூஸ் ஜாமுக்குச் செல்லும் புதிய செலோ கலைஞருக்கு

நாட்டுப்புற இசை அமர்வுகளுக்கும் ப்ளூஸ் ஜாம்களுக்கும் (கலைஞர்கள் ஒத்திகையின்றிக் கூடி வாசிக்கும் நிகழ்ச்சிகள்) செலோவைத் தூக்கிக்கொண்டு செல்லத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் நான் வாங்கிய துணைப்பொருள்களில் மிகுதியாகப் பயன்பட்டது ஃபிஷ்மன் சி-100 என்னும் பீசோ பிக்கப், அதாவது செலோவின் அதிர்வை மின்சைகையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிறு கருவி. தந்திகளைத் தாங்கும் குதிரையின் பக்கவாட்டு இடைவெளியில் இதைச் செருகிவிடலாம். மரத்தில் துளையிட வேண்டியதில்லை என்பதால், வாடகைச் செலோவில் பயில்பவர்களும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொருத்திக்கொள்ளலாம்.

எல்லா இடத்திலும் இது தேவைப்படாது. எடின்பரோவில் நான் செல்லும் ஸ்காட்டிஷ் இசை அமர்வில் ஒலிபெருக்கியே கிடையாது. அந்த மரபுக்குச் செலோ புதிதும் அன்று. 18ஆம் நூற்றாண்டில் நீல் கௌ பிடில் வாசிக்க, அவருடைய சகோதரர் டொனால்டு செலோவில் துணை நின்றார். 1780இல் டேவிட் ஆலன் தீட்டிய மலைநாட்டுத் திருமண ஓவியத்தில் இருவரையும் காணலாம். அங்கு டி, ஜி சுருதிகளில் அமைந்த மெட்டுகள் வரும்போது, அதே பெயருள்ள தந்திகளை விரல் வைக்காமல் வில்லால் நீட்டி ஒலித்தாலே தொடக்கநிலையில் உள்ளவர் கூட்டத்தோடு சேர்ந்துவிட முடியும்.

ப்ளூஸ் ஜாமில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கையில் செலோவின் கீழ்த்தந்திகள் அடியோடு அமுங்கிப்போகும். ஆனால், புதியவர் வாசிக்கக்கூடியவை அந்தக் கீழ்ச்சுரங்கள்தாம். கிட்டார் கலைஞர்கள் விரும்பும் இ சுருதியில் 12 பார் ப்ளூஸுக்கு (12 தாள அளவுகள் திரும்பத் திரும்ப வரும் வழக்கமான ப்ளூஸ் அமைப்பு) வேண்டிய மூல சுரங்கள், அதாவது கார்டுகளின் அடிப்படைச் சுரங்கள், இ, ஏ, பி ஆகிய மூன்றே. சி தந்தியில் மூன்றாம் விரல், ஜி தந்தியில் முதல் விரல், அதே தந்தியில் மூன்றாம் விரல் எனக் கையை முதல் நிலையிலிருந்து நகர்த்தாமலே அவை கிடைத்துவிடுகின்றன. இவற்றை விரலால் மீட்டும்போது இந்தப் பிக்கப் தரும் ஒலி உருண்டு திரண்டு, ஏறக்குறைய டபுள் பாஸைப் போலக் கேட்கிறது. முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

வில்லால் வாசிக்கும்போது அந்த அளவுக்கு நிறைவு இல்லை. பீசோ பிக்கப்களின் பொது இயல்புப்படி ஏ தந்தி கூர்மையாக ஒலிக்கும். வில்லின் உராய்வும் சேர்ந்து பெரிதாகும். ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளைக் குறைத்தால் காதுக்கு இதமாகும். இதைவிட முக்கியமானது ப்ரீஆம்ப், அதாவது பிக்கப்பின் மெல்லிய சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி வலுவாக்கும் கருவி. பிக்கப்பை நேரடியாக மிக்ஸரில் செருகினால் ஒலி சன்னமாகிவிடும் என்பதால், 1 மெகாஓமுக்குக் குறையாத உள்ளீட்டுத் தடை கொண்ட ப்ரீஆம்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். செலோவின் பெரிய கூடு ஊளையொலியை (ஃபீட்பேக்) எளிதில் வரவழைக்கும். ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் அமர்ந்து, பாஸ் அளவைச் சற்று இறக்கி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.