ஜன்னல் மூட்டை: கேழ்வரகு அடைத்த பையோடு சில வருடங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் ஏரிக்கரை ரோடுகளில் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பறவைப் படம் எடுக்கிறவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் முதலில் விசாரிப்பது லென்ஸைத்தான். நான் சொல்ல வருவது அந்த லென்ஸுக்குக் கீழே கிடக்கும் துணிப்பையைப் பற்றி. கடைகளில் பீன் பேக் என்று விற்பார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் மூட்டை. என் படங்கள் தெளிவானதற்கு லென்ஸைவிட இந்த மூட்டைதான் பெரிய காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

பறவைகள் வண்டிக்குப் பழகியவை. டிராக்டரும் டவுன் பஸ்ஸும் நாள் முழுக்கப் போகிற ரோட்டில், கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை ஒரு கார் வந்து நின்றால் பெரும்பாலும் பறக்காது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துப் பாருங்கள், அது அடுத்த வயலுக்குப் போயிருக்கும். அதனால் உள்ளேயே உட்கார்ந்து எடுக்க வேண்டும். அங்கே ஸ்டாண்ட் வைக்க இடம் கிடையாது. 600 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டி இருக்கும். உடம்பைத் திருப்பி உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்தாலே தோள் கடுக்கும். கை நடுங்கும் நேரத்தில்தான் பறவை திரும்பிப் பார்க்கும்.

என் பை இரண்டு அறையாகத் தைத்தது. ஒரு அறை காருக்கு உள்ளே, ஒன்று வெளியே தொங்கும். நடுப்பகுதி கதவின் விளிம்பில் கழுதை முதுகுப் பொதி போல உட்கார்ந்துகொள்ளும். கித்தான் துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். வழக்கமாகப் பள்ளிப் பைக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கும் தையல்காரர்தான் தைத்துக் கொடுத்தார், சில நூறு ரூபாயில் முடிந்தது. ஜிப் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கடற்காற்றில் உலோக ஜிப் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருவேறி இறுகிவிடுகிறது.

உள்ளே எதை அடைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெர்மோகோல் உருண்டை லேசானது, தூக்கிச் செல்ல சுகம். ஆனால் லென்ஸை வைத்ததும் வழுக்குகிறது, நகர்த்தும்போது கிறீச் என்று சத்தம் வருகிறது, போகப்போக நசுங்கிப் பை தொய்ந்துவிடுகிறது. மணல் நன்றாக அமரும். அதன் தூசி தையல் வழியாக வெளியேறி லென்ஸின் ஜூம் வளையத்துக்குள் போகும், வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தைக்குத்தான் சரி. அரிசி நன்றாகவே தாங்குகிறது, ஆனால் ஐப்பசி ஈரத்தில் வண்டு விழுந்துவிடும். கடைசியில் நிலைத்தது கேழ்வரகு. சின்னச் சின்ன உருண்டை மணி என்பதால் லென்ஸின் வளைவுக்கு ஏற்ப ஒதுங்கி, பிறகு அசையாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சி அவ்வளவு சீக்கிரம் அண்டாத தானியம். வருடக்கணக்கில் சேமித்து வைப்பார்கள். நான் கூடவே இரண்டு துண்டு வசம்பு போட்டிருக்கிறேன், சித்திரை வெயிலில் ஒருமுறை கொட்டிக் காயவைக்கிறேன். முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் கல் மாதிரி இறுகி, லென்ஸ் மேலே உருளும்.

ஒரு கார்த்திகை மழையில் கண்ணாடியை ஏற்ற நேரமில்லாமல் பை நன்றாக நனைந்துவிட்டது. சில நாள் கழித்து டிக்கியிலிருந்து எடுத்தால் ஒரு மூலையில் தையலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு தானியத்தைக் கெட்டியான பாலிதீன் உறையில் போட்டு, அதைக் கித்தானுக்குள் வைக்கிறேன். காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுக் கட்டினால் உறை இருப்பதே தெரியாது.

இந்தப் பை தன்னை முழுசாக நிரூபிக்கும் இடம் வீராணம். சோழர் காலத்து ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. முழு நீர்மட்டம் 47.5 அடி. ஏரி தளும்பி நிற்கும்போது பறவைகள் தள்ளித் தள்ளிக் கிடக்கும், படத்துக்கு ஆகாது. தண்ணீர் இறங்கிக் கரையோரம் சேறு தெரியும் நாட்களில் போக வேண்டும். திசையும் முக்கியம். கரை ரோடு ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது. நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் காலையில் சேத்தியாத்தோப்பு பக்கமிருந்து லால்பேட்டையை நோக்கித் தெற்கே வந்தால், ஓட்டுபவரின் ஜன்னல் நேராக ஏரியைப் பார்க்கும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் அதே ரோட்டில் வயல்தான் கிடைக்கும், அதுவும் கண்ணைக் கூசும் வெளிச்சத்தில். இடது ஓரமாக நிற்பதால் நமக்கும் ஏரிக்கும் நடுவே ரோடு இருக்கும். பஸ் குறுக்கே போகும். அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினால் யாருக்கும் தொந்தரவில்லை.

அங்கே நத்தைக்குத்தி நாரை ஒன்று நத்தை தின்பதை முழுசாகப் பார்த்திருக்கிறேன். சேற்றில் அலகை விட்டுத் துழாவி ஒரு பெரிய நத்தையை எடுத்தது. உடனே விழுங்கவில்லை. நத்தையைத் தண்ணீருக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, தலை பாதி மூழ்கியபடி, கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தி ஆட்டியது. கழுத்து மட்டும் மெதுவாக அசைந்தது. ஓடு உடையாமல் சதை மட்டும் வெளியே வந்தது, தலையை ஒரு சிலுப்பு சிலுப்பி விழுங்கிவிட்டது. இவ்வளவுக்கும் நான் வியூஃபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையில் பிடித்திருந்தால் பாதியிலேயே இறக்கி வைத்திருப்பேன். நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால்கூட இறகின் வரி தனித்தனியாகத் தெரிகிறது. வெளிச்சம் வராத மார்கழிக் காலையில் அது எவ்வளவு பெரிய உதவி என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும்.

கரையில் நின்றால் யாராவது விசாரிக்காமல் போக மாட்டார்கள். வாத்து மேய்க்கிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்னா தம்பி, வண்டி நின்னுப்போச்சா?" என்றார்.

"இல்லீங்க பெரியவரே, பறவை படம் எடுக்கறேன்."

மூட்டையைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். "உள்ள இன்னா, கேவுரா?" என்று கேட்டுவிட்டு, "அந்த மதகாண்ட போய் நில்லுங்க, வெயில் ஏறுனா கூழைக்கடா அங்கதான் வரும்" என்றார். வந்தன. இந்த ரோடுகளில் எந்த வரைபடத்தையும்விட மேய்க்கிறவர்கள், மதகு பார்க்கிறவர்கள் சொல்லும் இடம்தான் சரியாக இருக்கிறது.

கழுவெலி வேறு மாதிரி. மரக்காணம் பக்கம் விரிந்து கிடக்கும் சதுப்பு, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை வரும் காலத்தில் போனால் மனசு நிறைந்துவிடும். ஆனால் உப்பளத்தின் மேல் ஒன்பது மணிக்கெல்லாம் கானல் எழுந்துவிடும். அதற்கப்புறம் பை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் படம் நெளியத்தான் செய்யும். விடியும்போது அங்கே இருங்கள், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுங்கள். பாகூர் ஏரிக்குக் கன்னியக்கோயில் வழியாக உள்ளே போகும் ரோடு எனக்குப் பிடித்தமானது. அங்கே தாழைக்கோழியும் இலைக்கோழியும் கரைக்கு அருகிலேயே மேயும்.

மலைக்கு என்றால் செஞ்சி. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லாரும் கோட்டைக்குள்தான் போகிறார்கள். சுற்றியுள்ள ஊர் ரோடுகளில் நெல் வயல், பனைவரிசை, பின்னால் பாறை மேல் பாறையாக ராஜகிரி என்று ஒரே சட்டத்தில் கிடைக்கும். நாம் கடல் பக்கமிருந்து மேற்கே போகிறவர்கள். காலை வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேரே பாறைகளின் முகத்தில் விழும். சாயங்காலம் போனால் நம் பக்கம் மலை கருப்பாகத்தான் இருக்கும், அதுவும் ஓர் அழகு. பொழுது சாய்ந்த பிறகு பையை பானெட்டின் மேல் வைத்து 1/15 நொடியிலெல்லாம் எடுத்திருக்கிறேன். இன்ஜின் சூடு ஆறிய பிறகு வையுங்கள். தொலைவு லென்ஸால் எடுக்கும்போது ஒரு பாறையின் பொந்தில் ஆந்தை உட்கார்ந்திருப்பதுகூடத் தெரியும்.

கல்வராயன் மலையில் இந்தப் பை அவ்வளவாக உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் நினைத்த வளைவில் வண்டியை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பறவைகள் தலைக்கு மேலே மரக்கிளையில் இருக்கும். ஜன்னலில் கிடக்கும் லென்ஸை அவ்வளவு மேலே தூக்க முடியாது. பள்ளத்தாக்கு இடது பக்கம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போக வேண்டும். மலைக்கு மட்டும் போகிறவர்கள் நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள்.

பயன்படுத்தும் விதத்தில் இரண்டு விஷயம். இன்ஜினை நிறுத்தியே ஆக வேண்டும். ஓடும் இன்ஜினின் அதிர்வு பை வழியாக லென்ஸுக்கு ஏறும். இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த லென்ஸ் அப்படியே வேர்த்துவிடும், அது தெளிவதற்குள் பறவை போய்விடும். கண்ணாடியில் மாட்டும் இரும்பு கிளாம்பையும் வைத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் நிற்கிறது, ஆனால் எடை முழுக்கக் கண்ணாடியின் மேல் இறங்குவது எனக்குப் பயமாக இருந்தது.

பை வசதியாக இருப்பதால் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கத் தோன்றும். கூடு கட்டும் காலத்தில் தயவுசெய்து அப்படி நிற்காதீர்கள். தாய்ப்பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டிருந்தால் நாம்தான் காரணம், கிளம்பிவிட வேண்டும். போனில் பறவைக் குரலை ஓடவிட்டு வரவழைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. தை, மாசியில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏற்றி ஓரங்கட்டாதீர்கள்.

வெளியூருக்கு ரயிலில் போகும்போது பையைக் காலியாக மடித்து எடுத்துக்கொள்கிறேன், சட்டை அளவு இடம்தான் பிடிக்கும். போன ஊர் மளிகைக் கடையில் மூன்று கிலோ ஏதாவது சின்னத் தானியம் வாங்கி நிரப்பினால் போதும். திரும்பும்போது அதைத் தங்கிய இடத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் கொடுத்துவிடலாம், யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.