நட்சத்திரம் எத்தனை?

போன வாரம் ஒரு மளிகை ஆப்பில் உளுத்தம்பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ, துணி சோப்பு நாலு வாங்கினேன். சாமான் வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ என்று போன் கேட்டது. ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவேன் என்று சொல்ல வேண்டுமாம். இந்த ஆப்போடு எனக்குள்ள பழக்கம் 2020 மார்ச்சில் தொடங்குகிறது. அதையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட முடியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தச் சமயத்தில் நான் போட்டுப் பார்த்த இன்னும் இரண்டு ஆப்புகளும் இதே லட்சணத்தில்தான் இருந்தன. ஒன்றை மட்டும் இழுத்து வைத்துத் திட்டுவது நியாயமில்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என் மனைவிக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். சென்னை சூளைமேட்டில் ஒரு சந்துக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு. நான் வங்கி ஊழியன். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் கொரோனா காலத்தில் எட்டு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நாடு முழுவதும் 21 நாள் என்று. ஆப் முதல் சில நாட்கள் ஆர்டரே எடுக்கவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கிடங்கில் ஆள் இல்லை, டெலிவரிப் பையன்களைப் போலீஸ் வழியில் மடக்கியது, எல்லா ஊரிலும் இதே கதைதான். அப்புறம் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார்கள், ஸ்லாட் முறையில். அதாவது, சாமான் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நேரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பிரச்சினை அங்கேதான்.

நாங்கள் போனை எப்படி இயக்குகிறோம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்பேக் என்று ஆண்ட்ராய்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. விரலை வலப்பக்கம் ஒரு முறை தள்ளினால் திரையில் இருக்கும் அடுத்த பொருளைப் படித்துச் சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் அது திறக்கும். உங்கள் கண் திரை முழுவதையும் ஒரே நொடியில் மேய்ந்துவிடும். நாங்கள் ரயில் பெட்டி பெட்டியாக நடந்து போவது மாதிரி ஒவ்வொன்றாகக் கடந்துதான் போக வேண்டும். ஆப்பை எழுதியவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே ஒரு பெயர் கொடுத்திருந்தால் ‘கூடை’, ‘பணம் செலுத்து’ என்று படிக்கும். கொடுக்காவிட்டால் ‘அன்லேபிள்டு, பட்டன்’ என்று சொல்லும். அந்த ஆப்பில் முகப்புப் பக்கத்திலேயே பதினேழு அன்லேபிள்டு பட்டன். எண்ணிப் பார்த்தேன். ஊரடங்கில் வேறென்ன வேலை?

ஸ்லாட் நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும் என்று கீழ் வீட்டுத் தம்பி சொன்னான். 11:50க்கே கூடையை நிரப்பி வைத்துக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 12 அடித்தது. ‘காலை 7 முதல் 9’ என்று படித்தது. இரண்டு தட்டு தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. ‘9 முதல் 11’, தட்டினேன், ஒன்றுமில்லை. இப்படியே ஏழு நாளுக்கும் எல்லா நேரத்தையும் தட்டி முடிக்கும்போது 12:20. போன் பழுதோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, எல்லாமே சாம்பல் கலர்ல இருக்கு. பச்சையா இருந்தாதான் எடுக்க முடியுமாம்.”

நிரம்பியது, காலி என்ற செய்தி நிறத்தில் மட்டும் இருந்தது. ‘நிரம்பியது’ என்று ஒரே ஒரு சொல் உள்ளே எழுதியிருந்தால் போதும், எனக்குப் படித்திருக்கும்.

மகளையே அழுத்தச் சொல்லியிருக்கலாமே என்று எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இரண்டு இரவு அவளை எழுப்பி உட்கார வைத்தேன். இரண்டாம் நாள் தூக்கக் கலக்கத்தில் கூடையைக் காலி செய்துவிட்டு அழுதாள். அதோடு விட்டுவிட்டேன்.

கீழ் வீட்டுத் தம்பியை ஒரு நாள் ஆப்பைத் திறந்து ஸ்லாட் பக்கம் வரை போகச் சொல்லி நேரம் பார்த்தேன். 50 விநாடி. அதே வேலை எனக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் போனுக்குப் புதியவன் இல்லை, வங்கியில் இளம் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறவன். நடுவில் திடீரென ஒரு சின்னப் பெட்டி திறந்து ‘உங்கள் கூடையில் உள்ள துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது’ என்று எழுத்தில் சொல்லும். டாக்பேக் அதற்குள் போகாது. நான் பின்னால் இருக்கும் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருப்பேன், கல்லைத் தட்டுகிற மாதிரி. அதையும் தாண்டிப் பணம் கட்டப் போனால் ஓடிபி. ஆப்பை விட்டு வெளியே வந்து, எஸ்எம்எஸ்ஸைத் திறந்து, ஆறு எண்ணைக் காதால் கேட்டு மனசில் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு என்பதுதான் அவர்கள் விதி. 50 விநாடிக்காரரையும் ஆறு நிமிடக்காரனையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் அதற்குப் பெயர் ஓட்டப்பந்தயம். வரிசை என்றால் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், நின்றால் என் முறை வர வேண்டும்.

அந்த மாதிரி வரிசை ஒன்று எங்கள் தெரு முனை மளிகைக்கடையில் இருந்தது. ஆனால் அங்கேயும் முதல் நாள் சிரிப்பாகத்தான் போனது. கடை வாசலில் கயிறு கட்டி, தெருவில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். நான் கோலைத் தட்டிக்கொண்டு நேராகக் கல்லாவுக்கே போய்விட்டேன்.

“சார், வட்டத்துல நில்லுங்க!”

“எந்த வட்டம்?”

பின்னால் ஒரே சத்தம். சாதாரண நாளாக இருந்தால் யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்த ஏப்ரலில் யாரும் யாரையும் தொடவில்லை. முன் வட்டம் காலியானது எனக்குத் தெரியாது, அதனால் என்னைத் தாண்டித் தாண்டி மூன்று பேர் போய்விட்டார்கள். அண்ணாச்சிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “சார், நீங்க வீட்டுக்குப் போங்க. போன் போட்டுச் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன்.”

எழுதித்தான் வைத்தார். போன வருட டைரியில். கடைக்கு மதியம் வரைதான் நேரம். அதற்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு போன் ஆர்டரையெல்லாம் வரிசைப்படி கட்டுவார். காலையில் கூப்பிட்டால், “உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு இருக்காங்க சார், அஞ்சு மணிக்கு மேல ஆவும்” என்பார். அஞ்சரைக்குப் பையன் கீழே நின்று குரல் கொடுப்பான். நாங்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டைப்பையை இறக்குவோம். பணத்துக்குக் க்யூஆர் கோடெல்லாம் எங்களுக்கு ஆகாது, கேமராவை எங்கே காட்டுவது? அவர் நம்பருக்கே ஜிபே. சில்லறை கொடுக்க வேண்டிய நாளில் ரிசர்வ் வங்கியின் மணி ஆப் உதவியது. ரூபாய் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். அது 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்திருந்தது, நல்ல நேரத்தில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் மளிகைக்கடையும் சேர்த்து முழு அடைப்பு என்று அறிவித்தபோது, 25ஆம் தேதி ஊரே கடைத்தெருவில் நின்றது. எங்கள் சந்துக்குள் வரை கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அன்று அண்ணாச்சி என்னை டைரியில் முன்னால் ஏற்றிவிட்டார். யாரோ ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அவருக்குக் கண்ணு தெரியலன்னா எங்களுக்குப் பசிக்காதா?” என்று கேட்டதாகப் பையன் சொன்னான். அந்த அம்மா கேட்டது சரிதான். மறுநாள் அண்ணாச்சியிடம், என் முறையிலேயே போடுங்கள், டைரியில் பேர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சிக்கும் முழு மதிப்பெண் கிடையாது. கணக்கு வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் அந்த டைரி. பின் தெருவில் கட்டட வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட வட இந்தியப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே ஷெட்டில் இருந்தார்கள். அவர்கள் கடையில் நின்று இந்தியில் கேட்டால் ‘மாவு இல்ல, போ’ என்று பதில் வரும். அரை மணி கழித்து அதே கோதுமை மாவு என் பையில் வந்து இறங்கும். நான் ஒரு முறை கேட்டேன். “ஸ்டாக்கு கம்மி சார், பழகினவங்களுக்குத்தான் குடுக்க முடியும்” என்றார். நானும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்த மதிப்புரை பொய்யாகிவிடும். பில்லும் தர மாட்டார், கடலைப்பருப்பு விலை தினம் ஒரு மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக 2021இன் காய்கறி வண்டி. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு, மளிகைக்கடைகூடக் கிடையாது. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து காய்கறி, பழங்களை வண்டியில் தெருத்தெருவாக அனுப்பின. மே 31 முதல் மளிகைச் சாமானையும் வண்டியிலும் போன் ஆர்டரிலும் கொடுக்க விட்டார்கள். எங்கள் பக்கம் வந்தது ஒரு மினி லாரி. மைக்கில் தக்காளி இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு என்று விலையோடு கத்திக்கொண்டே வரும். வண்டி எந்த முனையில் நிற்கிறது, என்ன இருக்கிறது, என்ன விலை, எல்லாம் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்தது, அதே நொடியில்! அந்த இரண்டு வருடத்தில் அப்படி நடந்தது அந்த வண்டியில் மட்டும்தான். குறையும் உண்டு. சந்துக்குள் வண்டி நுழையாது, எங்கள் முறை வரும்போது முருங்கைக்காய் தீர்ந்திருக்கும். ஆனால் வண்டிக்காரர் கயிற்றுப் பையைப் பார்த்ததும், “மூணாவது மாடி! கத்திரிக்கா சொத்தை இல்லாம பாத்துப் போட்டிருக்கேன்” என்று மைக்கிலேயே சொல்வார். தெருவே சிரிக்கும்.

ஆப்புக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. சேவைகளை எங்களாலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, அதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கொரோனா வந்தபோது அந்த அவகாசம் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. 2020 மார்ச் கடைசியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, சூப்பர் மார்க்கெட்டுகளில் எங்களுக்கும் முதியவர்களுக்கும் தனி நேரம் ஒதுக்குவதைப் பரிசீலிக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. கடைக்குப் போய்ச் சேருவதே ஆகாதபோது தனி நேரத்தை வைத்து என்ன செய்ய? லண்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் அங்கே வேறு கதை சொன்னான். அரசாங்கப் பட்டியலில் இருந்த தீவிர நோயாளிகளுக்கு சூப்பர் மார்க்கெட்டுகள் ஆன்லைன் ஸ்லாட்டில் முன்னுரிமை கொடுத்தன. கண் தெரியாது என்பதற்காக மட்டும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அவனும் நள்ளிரவில் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஆப் பற்றி நல்லது ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மெயில் போட்டேன், ஐந்துக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்ற அச்சுப் பதில். 2020 ஜூனில், சென்னையில் 19 முதல் 30 வரை மறுபடி அடைத்தபோது, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார், மதுரைப் பக்கத்துப் பேச்சு. “எங்க சிஸ்டத்துல போன் ஆர்டர் எடுக்க வழியில்லைங்க. நீங்க லைன்லயே இருங்க, நான் பாக்குறேன்” என்றார். ஐம்பது நிமிடம் லைனிலேயே இருந்து, ஒவ்வொரு சாமானாகக் கேட்டுச் சேர்த்து, ஸ்லாட் காலியானதும் பிடித்துப் போட்டார். பருப்பு, எண்ணெய், மகளுக்கு பிஸ்கட் எல்லாம் வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தனியாக நட்சத்திரம் கொடுக்க ஆப்பில் இடமில்லை.

2021இல் ஒரு அப்டேட் வந்தது. திடீரென்று ‘நிரம்பியது’, ‘காலி’ என்று படித்தது. நானும் மனைவியும் விருந்து வைக்காத குறை. நாலு மாதம் கழித்து அடுத்த அப்டேட்டில் மறுபடி அன்லேபிள்டு பட்டன். யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்து சரி செய்திருக்கிறார், அவர் வேலையை விட்டுப் போனதும் போயிற்று என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதி கிடைப்பது வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. ஆப்பின் முகப்புப் பக்கத்தில் இப்போது அன்லேபிள்டு பட்டன் ஒன்பது. பதினேழுக்கு இது தேவலை.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். காய்கறி வண்டிக்கு நாலு. அண்ணாச்சிக்கு மூன்றரை, அந்தக் கோதுமை மாவுக்காக ஒன்று குறைத்தபிறகு. ஆப்புக்கு இரண்டு, அதில் ஒன்றரை அந்த மதுரைப் பெண்ணுடையது. இப்படி முடிவு செய்துவிட்டு மதிப்பெண் பக்கத்துக்குள் போய் விரலைத் தள்ளினேன். அன்லேபிள்டு, பட்டன். அன்லேபிள்டு, பட்டன். ஐந்தும் அப்படியே. இடமிருந்து இரண்டாவதை இரண்டு தட்டு தட்டினேன். ‘உங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்றது. எத்தனை விழுந்தது என்று தெரியவில்லை.