‘ஏழு தலைமுறை முண்டு’ விதை: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாங்குவோர் கவனத்துக்கு

புரட்டாசி விதைப்புக்கு மிளகாய் விதை தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். “ஏழு தலைமுறையாக நிலைப்படுத்திய பரம்பரை முண்டு” (முண்டு என்றால் உருண்டை மிளகாய்) என்று நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விதை சுற்றுகிறது. போன பட்டத்தில் நான் போட்டது அதுதான். பாக்கெட்டில் பெயரும் படமும் பளபளவென்று இருக்கும். எந்தக் குவியலில் எடுத்த விதை என்று காட்டும் குவியல் எண், முளைப்புத்திறன் சோதித்த தேதி எதுவும் கிடையாது.

செடி நன்றாகத்தான் வந்தது. காய் பிடித்ததும் வண்டவாளம் தெரிந்தது. ஒரே வரிசையில் ஒரு செடியில் உருண்டைக் காய், பக்கத்துச் செடியில் சம்பா மிளகாய் மாதிரி நீளக் காய், அதற்கடுத்ததில் நுனி வானம் பார்த்து நிற்கும் காய். ஏறத்தாழ நாலு செடிக்கு ஒன்று இப்படி மேல் பார்த்த காய்.

கேட்டதற்கு விற்றவர், “அண்ணே, உங்க செம்மண்ணும் தண்ணியும் அப்படி” என்றார். மண் கோளாறு என்றால் பாத்தி மொத்தமும் குன்றும், காய் சிறுக்கும். ஒரு முழம் தள்ளி நிற்கிற செடியின் காயை மட்டும் தலைகீழாகத் திருப்பாது. மிளகாயில் தொங்கும் காய் ஓங்கு குணம், மேல் பார்த்த காய் ஒடுங்கு குணம். இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்கத் தொங்கும். அதன் விதையைப் போட்டால் நாலில் ஒரு பங்கு நிமிர்ந்து நிற்கும். பட்டாணிச் செடியை வைத்து மரபியல் அறிஞர் மெண்டல் 1866இல் எழுதி வைத்த அதே 3:1 கணக்கு. ஆக, எனக்கு வந்தது கலப்புச் செடியின் நேர் வாரிசு. நிஜமாகவே அந்த முதல் தலைமுறையிலிருந்து எண்ணி ஏழாவது வரை தன் மகரந்தத்திலேயே எடுத்திருந்தால், கலப்பு ஒவ்வொரு முறையும் பாதியாகி, ஒரு குணத்துக்கு 64 செடியில் ஒன்றுதான் கலப்பாக மிஞ்சியிருக்கும். அதற்கு விதை வயலை வேறு மிளகாய் வயலிலிருந்து தள்ளியும் வைக்க வேண்டும். தேனீ வேலியைப் பார்த்துப் பறப்பதில்லை. விவசாயிக்கு விற்கிற சான்று விதைக்கே 200 மீட்டர், அந்தச் சான்று விதையை எடுக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள்.

காய்ந்த பழத்தைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கினார். முண்டு என்றால் உள்ளே விதை கலகலக்கும். நீளத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, “கலப்புச் சாக்குக்கு முண்டு விலை போட முடியாதுங்க” என்றார். தாளிக்க முண்டு கேட்கிற ஆச்சிமார்களிடம் அதைத் தள்ளிவிடவும் முடியாது.

விவசாயி தன் விதையை அக்கம்பக்கத்தில் விற்பதை நான் குறை சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டு உழவர் உரிமைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்றால் அந்தச் சலுகை இல்லை. கடை விதை என்றால் அட்டையைப் பாருங்கள்: ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், சான்று வாங்காமல் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. நாட்டு ரகம் என்றால் காய் நிற்கும்போதே தாய் வயலைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது விதை விற்றவர், “அது ராமநாதபுரம் பக்கம், இப்ப போக முடியாது” என்று மழுப்பினார்.

இதே விதை போட்டவர்கள் காலி பாக்கெட், மிச்ச விதை, பணம் அனுப்பிய ரசீது, காய் நிற்கும் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் இப்போது கத்தரி விதைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்; அதுவும் ஏழு தலைமுறையாம்.