பாதி தான் தர முடியும் என்று சொன்ன சப்ளையர்

முதியவர்களை வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் சிறிய சேவை எங்களுடையது, கொள்முதல் என் பொறுப்பு. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் எங்கள் அலமாரியில் பத்து நாளுக்கான கையுறை இருந்தது, முகக்கவசம் அதைவிடக் குறைவு. உலகம் முழுக்க மாதத்துக்கு 8.9 கோடி மருத்துவ முகக்கவசம் தேவை, உற்பத்தியை 40 சதவீதம் கூட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்ட மாதம் அது. பெரிய மருத்துவமனைகளே அல்லாடும்போது எங்கள் போனை யார் எடுப்பார்கள்?

முதலில் வேறொரு இடத்தில் முழுப் பணத்தையும் கட்டி ஏமாந்தோம். பெட்டி மேல் பெரிதாக என்95 (நுண்துகளை வடிகட்டும் முகக்கவச வகை) என்று அச்சிட்டிருந்தது, உள்ளே இருந்ததோ காதில் மாட்டும் வளையம் வைத்த கவசம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான நியோஷின் அங்கீகாரம் பெற்ற என்95 என்றால் தலையைச் சுற்றி இரண்டு பட்டை போகும், கவசத்திலேயே டிசி-84ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் இரண்டுமே இல்லை. அன்று மாலை வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றவர்களிடம் அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் பெட்டியை மூடி வைத்தேன்.

அப்புறம்தான் இந்த சப்ளையர் கிடைத்தார். எத்தனை பணியாளர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வீடு, அதில் தொற்று உள்ள வீடு எத்தனை என்று கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் என்95 வேண்டாம், நீங்கள் கேட்டதில் பாதிதான் இந்த வாரம் தர முடியும், மீதிக்கு மூன்று வாரம் ஆகும்" என்றார். அந்த நேரத்தில் 'முடியாது' என்று நேராகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அதனாலேயே நம்பினேன். பணம் வாங்கும் முன்பே மாதிரிக் கவசங்களும் சான்றிதழும் அனுப்பினார். மாதிரியைப் போட்டுப் பார்த்த ஒரு அக்காவுக்கு மூச்சு விட்டதும் கண்ணாடி மங்கியது, மூக்கோரம் காற்று கசிகிறது என்று அர்த்தம். சிறிய முகத்துக்கு வேறு வடிவம் கேட்டோம், மறுவாரமே வந்தது.

இன்னொரு உதவியையும் சொல்ல வேண்டும். அவருடைய குறைந்தபட்ச ஆர்டர் எங்களுக்கு ரொம்ப அதிகம். எங்களோடு துப்புரவுப் பணியாளர்கள், மயானப் பணியாளர்கள், தன்னார்வ ஆம்புலன்ஸ்காரர்கள் என்று நான்கு குழு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டோம், கூடுதல் கட்டணம் இல்லாமல் நான்கு முகவரிக்கும் பிரித்து அனுப்பினார். மயானத்தில் வேலை செய்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேறு எந்த சப்ளையருக்கும் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. நைட்ரைல் கையுறை முக்கால்வாசி பெரிய அளவிலேயே வந்தது, சின்னக் கையில் விரல் நுனி மடங்கி மாத்திரை பிரிப்பதே கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டார். ஒரு பெட்டியில் பட்டை இழுத்ததும் அறுந்தது, போட்டோ அனுப்பினேன், கேள்வி கேட்காமல் முழுப் பெட்டியையும் மாற்றித் தந்தார்.

இப்போதும் அவரிடம்தான் வாங்குகிறோம். ஆர்டர் போடும்போது காலாவதித் தேதியையும் கையுறை அளவையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறைக்காமல் தருவார்.