நிழலா, யுவி குறியீடா: வகுப்பில் எதைச் சொல்லித்தருவது?

வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து (யுவி) எப்போது பாதுகாப்புத் தேவை என்று பிள்ளைகளே கண்டுகொள்ள இரண்டு வழிகள்: நிழலின் நீளம், யுவி குறியீடு. தொடக்கப்பள்ளிக்கு நிழலே போதும். சமதரையில் நேராக நிற்கச் சொல்லுங்கள். நிழல் ஆளைவிடக் குட்டையாக விழுந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் இருக்கிறது: தொப்பி, முழுக்கைச் சட்டை, மரநிழல் தேவை. சென்னையில் மார்கழி நண்பகலிலும் நிழல் குட்டைதான். ‘குளிர்கால வெயில் ஒன்றும் செய்யாது’ என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிடும். மேகமூட்டத்தில்தான் இந்த முறை கைவிடும். நிழல் விழாது, ஆனால் புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தைக் கடந்து வரும்.

யுவி குறியீடு, அதாவது தரையை எட்டும் புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண், மேகத்தையும் கணக்கில் எடுக்கும். வானிலைச் செயலியில் பார்க்கலாம். 3 முதல் பாதுகாப்பு வேண்டும். 8-ஐ எட்டினால் விளையாட்டு வகுப்பைக் காலைக்கு மாற்றுவது நல்லது. சிக்கல் ஒன்று: பிள்ளைகள் இதை வெப்பநிலையோடு குழப்பிக்கொள்வார்கள். ஆகவே நடுநிலைப்பள்ளியில், இரண்டு எண்களையும் தினமும் பலகையில் அருகருகே எழுதவைத்துத் தொடங்குங்கள்.