போர்ட்டபிள் பேஷண்ட் மானிட்டர்: வாங்குமுன் ஒரு மதிப்பீடு

போர்ட்டபிள் பேஷண்ட் மானிட்டர் வாங்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் திரையின் அளவையும் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகின்றன. இசிஜி, எஸ்பிஓ2 (ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவு), ரத்த அழுத்தம், சுவாச வேகம், உடல் வெப்பம் ஆகிய ஐந்தையும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளுமே காட்டுவதால், விவரத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறிய இயலாது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அறுவை அரங்கிலிருந்து ஐசியூவுக்குக் கொண்டுசெல்லும் வழியில் அளவீடு நம்பத்தக்கதாக வருகிறதா என்று பார்த்தே இக்கருவிகளை எடைபோட வேண்டும்.

முதலில் எஸ்பிஓ2. விரலில் மாட்டும் சென்சார், ஏறக்குறைய 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, நாடித்துடிப்போடு மாறும் ஒளி உறிஞ்சலின் விகிதத்திலிருந்து ஆக்ஸிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. கை அசையும்போது சிரை ரத்தமும் சேர்ந்து அசைவதால் கணக்கு குழம்புகிறது. விலை குறைந்த கருவிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டெமோவின்போது சென்சார் மாட்டிய விரலை மேசைமீது தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பிறகு கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துவிட்டு மீண்டும் மாட்டிப் பாருங்கள். அலைவடிவம் சிதைந்து கிடக்கும்போதும் 98 என்ற எண் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றால், கருவி பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண் மறைந்து எச்சரிக்கை காட்டும் கருவியே மேல். புகையைச் சுவாசித்து வரும் நோயாளிகளிடம் எந்தச் சாதாரண சென்சாரும் ஏமாற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபினை இரண்டு ஒளிகளால் மட்டும் பிரித்தறிய முடியாது.

ரத்த அழுத்த அளவீட்டில், கையில் சுற்றும் பட்டையான கஃப் காற்றை இறக்கும்போது எழும் அதிர்வுகளின் உச்சத்திலிருந்து சராசரி அழுத்தத்தைக் கருவி கண்டறிகிறது. மேல், கீழ் அழுத்தங்களை அந்தந்த நிறுவனத்தின் சூத்திரமே கணக்கிடுகிறது. ஆகவே ரத்த அழுத்தக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 81060-2 என்ற பன்னாட்டு நெறிப்படி சரிபார்க்கப்பட்டதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குவது அவசியம். கஃப்பின் காற்றுப்பை அகலம் கைச்சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும், சிறிய கஃப் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், ஒரே ஒரு நடுத்தர அளவு கஃப்போடு வரும் கருவியை முழுமையானதாகக் கருத முடியாது. சென்சாரையும் கஃப்பையும் ஒரே கையில் மாட்டி அளவிட்டும் பாருங்கள். கஃப் இறுகும் நேரத்தில் விரலின் அலை மறைவது இயல்பே. அந்த நேரத்துக்கு மட்டும் எஸ்பிஓ2 அலாரத்தை நிறுத்திவைக்கும் வசதி இல்லாத கருவி, ஒவ்வொரு அளவீட்டின்போதும் வீணாக அலறும். அப்படி அலறும் அலாரத்துக்குச் செவிலியர்கள் நாளடைவில் செவிசாய்க்கமாட்டார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

இசிஜி கேபிளின் நிறக்குறியீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்க முறையில் சிவப்பு நிறம் இடது காலுக்கும், ஐஇசி எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் முறையில் அதே சிவப்பு வலது கைக்கும் உரியது. ஒரே வார்டில் இரண்டு முறைகளும் கலந்திருந்தால் லீடுகள், அதாவது உடலில் ஒட்டும் கம்பிகள், இடம் மாறுவது ஏறத்தாழ உறுதி. ஏற்கெனவே உள்ள கருவிகளின் முறையிலேயே புதியதையும் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

பேட்டரி பற்றி விவரத்தாள் சொல்லும் நேரம், பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் அளந்து, திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வைத்த நிலையில் கணக்கிட்டது. மின்இணைப்பை எடுத்துவிட்டு, முழு வெளிச்சத்தில், 5 நிமிட இடைவெளியில் அளந்து பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். செயற்கைச் சுவாசத்தில் உள்ளவர்களை இடம் மாற்றும் மருத்துவமனையாக இருந்தால், வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் இடிசிஓ2 வசதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.

என் தேர்வு: 8 அங்குலத் திரை, கட்டில் கம்பியில் மாட்டும் கொக்கி, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி ஆகியவை கொண்ட நடுத்தரக் கருவி. 12 அங்குலக் கருவிக்குக் கைப்பிடி இருந்தாலும், அது படுக்கையோரத்திலேயே தங்கிவிடும். நிறுவனத்துக்கே உரிய இணைப்பான் உள்ள சென்சார்களை வேறெங்கும் வாங்குவது கடினம். எனவே அவற்றின் விலையையும், பழுதுபார்க்கும் காலத்தில் தரப்படும் மாற்றுக் கருவியையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.